“வீட்டுக்குக் கொண்டு போங்கள்!”

“இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. வீட்டுக்குக் கொண்டு போங்கள்!”

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிப் படியிறங்கி வரும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறீர்களா, தோழர்களே? கையிலே ஒரு துணிப்பை. பைக்குள்ளே எக்ஸ்ரே படங்கள், ஸ்கேன் தாள்கள், மருந்துச் சீட்டுகள். தோளிலே சாய்ந்தபடி ஓர் உருவம் — நேற்றுவரை அந்த வீட்டுக்குச் சோறு போட்ட உருவம்! பஸ் ஏறுகிறார்கள், ஊர் வந்து சேருகிறார்கள், கதவைச் சாத்திக் கொள்கிறார்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் அடுத்த நான்கு மாதமோ ஆறு மாதமோ என்ன நடக்கிறது என்பதை எந்தச் சர்க்கார் ஏடும் குறித்து வைப்பதில்லை. பத்திரிகைகள் எழுதுவதில்லை. நாமும் எழுதியதில்லை, ஒப்புக் கொள்கிறோம்.

மல்லாங்கிணற்றிலே அப்படி ஒரு கதவு எனக்குத் தெரியும். என் அத்தை வீட்டுக் கதவு.

விருதுநகருக்கும் காரியாபட்டிக்கும் நடுவே, கரிசல் காட்டிலே இருக்கிறது மல்லாங்கிணறு. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தி, மிளகாய், மல்லி. பொய்த்தால் தீப்பெட்டி ஆபீஸ். அத்தையும் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவள்தான். மார்பிலே கட்டி கண்டபோது வெளியே சொல்லக் கூச்சப்பட்டாள். கூச்சம் ஒரு வருஷத்தைத் தின்றது. கூலி போய்விடுமே என்ற அச்சம் இன்னொரு வருஷத்தைத் தின்றது. அதன் பிறகு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி, அறுவை, கதிர், சொட்டு மருந்து எல்லாம் நடந்தன. கடைசியில் நோய் முதுகெலும்புக்கு ஏறிவிட்டது என்றார்கள். அன்றுதான் நான் மேலே எழுதிய அந்த வாக்கியம் எங்கள் காதில் விழுந்தது. சொன்ன டாக்டர் கெட்டவரல்ல. வெளியே நூறு பேர் காத்திருந்தார்கள். அவர் கற்ற கல்வி அந்த இடத்தோடு முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

வீட்டுக்குக் கொண்டு வந்தோம். வலி வந்தது. பல்வலி, தலைவலி என்று நாம் சொல்கிறோமே, அந்த வகை வலியல்ல. புரள முடியாது, இரும முடியாது, கட்டிலருகே ஒருவர் தடுக்கி இடித்தால் அலறல்! பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்று சேலைத் தலைப்பை வாய்க்குள்ளே அடைத்துக் கொள்வாள். மருந்துக் கடையில் கொடுத்த காய்ச்சல் மாத்திரை அவளுக்கு எந்த மூலைக்கு? உள்ளூரில் ஊசி போட்டார்கள். ஊசி இரண்டு மணி நேரம் நின்றது. மார்பிலே புண் உடைந்தது. நாற்றம். சாம்பிராணி போட்டுப் பார்த்தார்கள். சொந்தக்காரர்கள் வாசலிலேயே நின்று, “எப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மகள் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போவதை நிறுத்தினாள். வீட்டிலே ஒரு கூலி போயிற்று. அத்தை ஒரு நாள் என் கையைப் பிடித்துக் கொண்டு சொன்னாள்: “மருமகனே, ஏதாவது ஊசியைப் போட்டு என்னைய முடிச்சு விடச் சொல்லு. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

சாவைக் கேட்கவில்லை அவள். வலி போகும் வழி ஒன்றைக் கேட்டாள். சாவைத் தவிர வேறு வழி எதையும் யாரும் அவளுக்குக் காட்டவில்லை!

மூன்று மாதம் கழித்து, செவிலியாக வேலை பார்க்கும் ஒரு தோழி சொல்லித்தான் எங்களுக்கு மார்ஃபின் மாத்திரையைப் பற்றித் தெரிந்தது. மதுரைக்குப் போய், காகிதங்களைக் காட்டி, வாங்கி வந்தோம். நாலு மணிக்கொரு மாத்திரை. இரண்டாம் நாள் அத்தை தூங்கினாள். நாலாம் நாள் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கம்பங்கூழ் கேட்டாள், குடித்துவிட்டு, “உப்புப் போடக் கை வரலையாடி?” என்று மகளைத் திட்டினாள். அந்தத் திட்டைக் கேட்டு நாங்கள் எல்லோரும் அழுதோம். அதன்பின் மூன்று வாரம் இருந்தாள். பேத்திக்குச் சடை பின்னினாள். யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று கணக்குச் சொன்னாள். பிறகு போனாள்.

அந்த மூன்று வாரத்தை நினைத்து நான் ஆறுதல் அடையவில்லை, தோழர்களே! அதற்கு முந்திய மூன்று மாதத்தை நினைத்து ஆத்திரப்படுகிறேன். அந்த மாத்திரை முதல் நாளே இந்த உலகத்தில் இருந்ததல்லவா?

“ஒன்றுமில்லை” என்பது பாதி மெய், பாதி பொய். நோயைத் தீர்க்க ஒன்றுமில்லை என்பது மெய்யாக இருக்கலாம். நோவைத் தீர்க்க ஒன்றுமில்லை என்பது பொய்! இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த உண்மையுமல்ல. இலண்டனிலே சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார், முதலில் செவிலியாகவும் பிறகு டாக்டராகவும் பணியாற்றியவர், 1967-இல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்து, மரணப் படுக்கையிலிருப்பவருக்கும் மருத்துவம் உண்டு என்று செய்து காட்டினார். வலி வந்த பிறகு மருந்து கொடுப்பதல்ல, வலி வரும் முன்பே மணி பார்த்துக் கொடுப்பது என்பது அங்கே வளர்ந்த முறை. 1986-இல் உலகச் சுகாதார நிறுவனம் புற்று நோய் வலிக்கு மூன்று படி கொண்ட ஏணி ஒன்றை வகுத்தது. சிறு வலிக்குச் சாதாரண மாத்திரை. கேளாவிட்டால் அடுத்த படி. அதற்கும் கேளாவிட்டால் மார்ஃபின். வாய் வழியாக, வேளை தவறாமல், படியேறிப் படியேறி. வயிற்றிலே குமட்டல் முதல் சில நாள் இருக்கும். மலச்சிக்கல் வரும், அதற்கு இளக்கும் மருந்தைக் கூடவே கொடுக்க வேண்டும். புண் நாற்றத்துக்கும் வழி உண்டு. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிறார்களே மெட்ரோநிடசோல், அந்த மலிவான மாத்திரையைப் பொடி செய்து புண்ணிலே தூவச் சொல்கிறார்கள், இத்துறை டாக்டர்கள். நாற்றம் அடங்கினால் வாசலில் நின்ற சொந்தம் உள்ளே வரும். இதற்கெல்லாம் கோடி ரூபாய் இயந்திரமா வேண்டும்?

வேண்டியதில்லை! சில ரூபாய் மாத்திரை. அதை அளந்து தரத் தெரிந்த ஒரு டாக்டர். வாரம் ஒருமுறை வீடு தேடி வரும் ஒரு செவிலி. பக்கத்து வீட்டிலே பயிற்சி பெற்ற நான்கு பேர். வலித் தணிப்பு வைத்தியம் என்று பெரிய பெயரில் சொல்லப்படுவது இவ்வளவுதான். இதற்கே உலகிலே ஆண்டுதோறும் 5 கோடியே 68 இலட்சம் பேர் ஏங்கி நிற்கிறார்கள் என்றும், அவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேருக்குத்தான் கிடைக்கிறது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. கிடைக்காதவர்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்காரர்கள்? பணக்கார நாட்டுக்காரர்களா? சொல்லவும் வேண்டுமோ!

இனி ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். மார்ஃபின் எதிலிருந்து வருகிறது? அபினிலிருந்து. அபின் எதிலிருந்து வருகிறது? நம் அம்மாமார் குழம்புக்கு அரைக்கிறார்களே கசகசா, அந்தச் செடியின் காயிலிருந்து. அந்தச் செடியைச் சர்க்கார் உத்தரவு பெற்றுப் பயிரிடும் மாநிலங்கள் மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம். அபினைப் பதப்படுத்தும் சர்க்கார் ஆலைகள் நீமச்சிலும் காசிப்பூரிலும் இருக்கின்றன. காசிப்பூர் ஆலை வெள்ளைக்காரன் கட்டியது. உலக நாடுகளின் வலி மருந்துக்கு இந்தியா அபின் ஏற்றுமதி செய்திருக்கிறது. அமெரிக்கக்காரன் வலிக்கு நம் வயலிலிருந்து மருந்து போகும்; மல்லாங்கிணற்றுக்காரி வலிக்கு மட்டும் போகாது! விளைவித்தவன் வீட்டிலே வேதனை, வாங்கியவன் வீட்டிலே நிவாரணம் — இந்த அக்கிரமத்துக்கு என்ன பெயர் வைப்பது?

ஏன் போகவில்லை? சட்டம் குறுக்கே படுத்தது. 1985-இல்தான் விருதுநகர் தனி மாவட்டமாயிற்று. அதே 1985-இல் டில்லியிலே போதைப் பொருள் தடுப்புச் சட்டம் பிறந்தது. கடத்தல்காரனைப் பிடிக்க வந்த சட்டம். நல்ல நோக்கம், மறுக்கவில்லை. ஆனால் கடத்தல்காரன் தப்பினான். நோயாளி மாட்டிக் கொண்டான்! ஒரு மாத்திரைப் பெட்டியைக் கொண்டு வர ஒவ்வோர் இலாகாவிடமும் ஒவ்வோர் உத்தரவு. ஓர் உத்தரவு கைக்கு வருவதற்குள் இன்னோர் உத்தரவு காலாவதி. கணக்கிலே ஒரு மாத்திரை குறைந்தால் டாக்டருக்குச் சிறை என்ற பயம். எந்த ஆஸ்பத்திரி இந்த வம்பிலே மாட்டிக் கொள்ளும்? நிறுத்திவிட்டார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளிலே இந்தியாவில் வைத்தியத்துக்காகப் பயன்பட்ட மார்ஃபின், முன்பிருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போயிற்று. அந்த ஆண்டுகளில் மருத்துவம் படித்து வெளியே வந்த டாக்டர்களில் எத்தனையோ பேர் மார்ஃபின் மாத்திரையைக் கண்ணாலும் பார்க்காமலே பட்டம் வாங்கினார்கள்.

பலரும் போராடிய பிறகு, 2014 பிப்ரவரியில் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தியது. இன்றியமையாத போதை மருந்துகள் என்று ஒரு தனிப் பிரிவு, அதிலே மார்ஃபின். ஐந்தாறு உத்தரவுக்குப் பதிலாக, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஓர் அங்கீகாரம். பயிற்சி பெற்ற டாக்டர் இருக்கும் நிலையம் அதைப் பெறலாம். ஆக, இன்று சட்டம் தடையல்ல. பின் எது தடை? பழைய பயம்! சட்டப் புத்தகத்திலிருந்து போன பயம் டாக்டர் மனத்திலிருந்தும், மருந்துக் கடைக்காரர் மனத்திலிருந்தும், நம் வீட்டுப் பெரியவர்கள் மனத்திலிருந்தும் போகவில்லை.

“போதை மாத்திரையாமே, பழகிவிடுமாமே!” என்று கேட்கிறார்கள். எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். வலிக்கு, டாக்டர் அளந்து கொடுக்கும் அளவிலே சாப்பிடுகிறவர் போதைக்கு அடிமையாவது அரிது என்பது இத்துறையில் பல்லாண்டு அனுபவம் உள்ளவர்கள் கண்ட உண்மை. முறையாகக் கூட்டிக் கொண்டு போனால் மூச்சை அடக்கிவிடாது, ஆயுளைக் குறைத்துவிடாது. அப்படியே பழகிவிட்டால்தான் என்ன? இரண்டு மாதம் இருக்கப் போகிறவருக்கு எந்தக் குடி கெட்டுவிடப் போகிறது? 2003 முதல் சாராயக் கடையைச் சர்க்காரே நடத்தும் நாடு இது. அங்கே மாலையானால் வரிசை நிற்கிறது. அதிலே போதைப் பயம் யாருக்கும் வரக் காணோம். தீராத நோயாளியின் தலைமாட்டிலே ஒரு மாத்திரையைக் கண்டதும் வந்துவிடுகிறது! இன்னொன்றும் சொல்ல வேண்டும். அத்தை போன பிறகு அவள் மகள், மிச்சமிருந்த மாத்திரைகளை எண்ணி, தாளிலே எழுதி, வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். ஏழை வீட்டை நம்பாதவர்கள் இதையும் தெரிந்து கொள்ளட்டும்.

நம் மாவட்டத்து மேற்கெல்லை மலையைத் தாண்டினால் கேரளம். அங்கே என்ன செய்தார்கள்? 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியிலே டாக்டர் இராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார், அவர்களுடன் சில நண்பர்கள் சேர்ந்து வலித் தணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். நோயாளி நம்மைத் தேடி வர முடியாது, நாம்தான் போகவேண்டும் என்று கண்டார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மலப்புறம் பகுதியிலே அது ஊர் மக்கள் இயக்கமாயிற்று. ஆசிரியர், மாணவர், கடைக்காரர், கூலிக்காரர் என்று வாரத்தில் இரண்டு மணி நேரம் தரக்கூடிய யாரும் பயிற்சி பெற்றுத் தம் தெருவிலுள்ள நோயாளியைப் பார்த்துக் கொண்டார்கள். புண் கட்டத் தெரிந்தது. படுக்கைப் புண் வராமல் புரட்டிவிடத் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்தில் உட்கார்ந்து பேச்சைக் கேட்கத் தெரிந்தது. சிறு சிறு காசாக வசூலித்தார்கள். 2008-இல் கேரள சர்க்கார் இதற்கென்றே கொள்கை வகுத்தது. இந்திய மாநிலங்களிலே முதன்முதல் அதுதான். பஞ்சாயத்துகள் செவிலியரை வீடுகளுக்கு அனுப்பின. ஜனவரி 15-ஆம் நாளை இதற்கென ஒரு நாளாகவே அங்கே கொண்டாடுகிறார்கள். மலையாளிக்கு வலிக்கும், தமிழனுக்கு வலிக்காதா?

தமிழ் நாடு இதிலே பின்தங்கிப் பிறந்த நாடல்ல. டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் தம் தங்கையைப் புற்று நோய்க்குப் பறிகொடுத்த துயரத்திலிருந்து பிறந்ததுதான் அடையாறு புற்று நோய் நிலையம். 1954-இல் பன்னிரண்டு படுக்கையோடு தொடங்கியது. “புற்று நோய்க்காரர் சாகத்தானே போகிறார், அவருக்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி?” என்று கேட்டவர்கள் அந்த நாளில் இருந்தார்கள். அம்மையாரும் அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021-இல் மறைந்த டாக்டர் சாந்தாவும் அந்தக் கேள்விக்கு ஆயுள் முழுதும் உழைத்துப் பதில் சொன்னார்கள். அதே கேள்விதான் இன்று வேறு உடை உடுத்தி வருகிறது: “சாகப் போகிறவருக்கு எதற்கு மருந்து?”

அண்ணாவை நினைத்துப் பாருங்கள். முதலமைச்சர். நாட்டின் சிறந்த டாக்டர்கள் சுற்றி நின்றார்கள். 1968 செப்டம்பரில் நியூயார்க் வரை போய் அறுவை செய்து கொண்டு திரும்பினார். உணவுக் குழாய்ப் புற்று விடவில்லை. 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் அந்த அடையாறு நிலையத்திலேதான் உயிர் பிரிந்தது. நோய் பதவி பார்ப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் கடைசி நாளில் தலைமாட்டிலே டாக்டர் இருப்பதும் இல்லாததும், வலிக்கு மருந்து இருப்பதும் இல்லாததும் பணமும் ஊரும் பார்த்து நடக்கிறதே, அது நோய் செய்த கொடுமையா? நாம் செய்தது!

2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலே தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டுக்கே வந்து நோய் ஆதரவுச் சேவை தருவதும் சேர்க்கப்பட்டது. சரியான வழி, வரவேற்றோம். நோயாளியைத் தேடி மருந்து போகவேண்டும் என்ற கொள்கை ஏட்டில் ஏறியதே பெரிது. ஆனால் இரத்தக் கொதிப்பு மாத்திரையும் நீரிழிவு மாத்திரையும் வீடு வருவது போல, மார்ஃபினும் வீடு வரும் வழி சீராக வேண்டும். கட்டு மாற்றிவிட்டு, “வலிக்கிறதா அம்மா?” என்று கேட்டுவிட்டு, பையிலே வலிக்கு மருந்தில்லாமல் திரும்பும் செவிலியின் நிலையும் பரிதாபந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் புற்று நோயாளிக்கு இரயிலிலே கட்டணச் சலுகை உண்டு. முதுகெலும்பு முறியும் நிலையிலே உள்ளவர் எப்படி இரயிலில் உட்காருவார்? சலுகை அவருக்கு அல்ல, மருந்துக்கு வேண்டும். மருந்து பயணம் செய்யட்டும்!

நம் பக்கத்தில் வெடி விபத்து நடந்தால் என்ன நடக்கிறது? 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் கருகின. நாடே திரும்பிப் பார்த்தது. அமைச்சர்கள் வந்தார்கள், நிவாரணம் அறிவித்தார்கள், விசாரணை வைத்தார்கள். வரவேண்டியதுதான், கொடுக்கவேண்டியதுதான், அதுகூடப் போதாது என்போம். ஆனால் சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக் கொண்டு ஒருத்தி எரிகிறாளே, அதற்குச் சத்தமில்லை, புகையில்லை, அதனால் யாரும் வருவதில்லை.

வீட்டுக்குள்ளே நாம் செய்யும் ஒரு தவற்றையும் சொல்லாமல் விடக்கூடாது. நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்வதில்லை. “வயிற்றுப் புண்”, “வாயு”, “சரியாகிவிடும்” என்று பொய் சொல்கிறோம். அன்பால்தான் சொல்கிறோம். அத்தையிடமும் சொன்னோம். அவளுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆளுக்கொரு பக்கம் நாடகம் நடித்துக் கொண்டிருந்தோம். வலி அடங்கிய பிறகு ஒரு மாலையிலே அவளே கேட்டாள், “எத்தனை நாள் சொல்லியிருக்காக?” என்று. மகள் உண்மையைச் சொன்னாள். அதன்பிறகுதான் கடன் கணக்குச் சொன்னாள், காதுத் தோட்டை யாருக்கென்று சொன்னாள். ஊமையாக அனுப்பியிருப்போம், அந்த மூன்று வாரம் இல்லாவிட்டால்.

விருதுநகரிலே 2022 ஜனவரி 12-ஆம் நாள் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மல்லாங்கிணற்றுக்கு அது அரை மணி நேரப் பயணம். அங்கே மார்ஃபின் எப்போதும் கையிருப்பில் இருக்கவேண்டும். எழுதித் தரும் டாக்டர் விடுப்பில் போனால் அடுத்தவர் எழுதவேண்டும். காரியாபட்டி ஒன்றியத்துச் செவிலி அதை வாங்கி வந்து வீட்டிலே தரவேண்டும். இரவு இரண்டு மணிக்கு வலி முறிந்து எழுந்தால் கூப்பிட ஒரு தொலைபேசி எண் வேண்டும். பார்த்துக் கொள்வதற்காகக் கூலியை விட்டுவிட்டு வீட்டில் உட்காரும் மகளுக்கு, மருமகளுக்கு, அந்த மாதங்களுக்கேனும் ஓர் உதவித் தொகை வேண்டும். ஆள்வோர் யாராயிருப்பினும் அவர்களிடம் இதையே கேட்போம்.

சர்க்காரிடம் கேட்டுவிட்டு நாம் சும்மா இருக்கலாமா? பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கத் தெரிந்த ஊர். ஒரு கல்யாணத்துக்குப் பந்தல் போட ஐம்பது இளைஞர் திரளும் ஊர். மொய் நோட்டிலே ஐம்பது வருஷக் கணக்குத் தவறாமல் வைத்திருக்கும் ஊர். தெருவுக்கு இருவர் பயிற்சி பெற முடியாதா? இளைஞர் மன்றங்கள் கேரம் பலகையோடு ஒரு தண்ணீர்ப் படுக்கையும் வாங்கி வைத்தால், தேவைப்பட்ட வீடு எடுத்துக் கொண்டு போய்த் திருப்பித் தராதா?

மல்லாங்கிணறு பேரூராட்சி மன்றம் தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் கூடுகிறது. அடுத்த கூட்டத்தில், நம் பேரூராட்சி எல்லைக்குள் தீராத நோயோடு படுக்கையிலே கிடப்போர் எத்தனை பேர், அவர்களில் வலி மருந்து கிடைப்போர் எத்தனை பேர் என்று கணக்கெடுக்க ஒரு தீர்மானம் போடட்டும். எண்ணிக்கை கைக்கு வந்ததும் அதை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பட்டும். ஒரு படியை நமக்கும் அனுப்பினால், இதே பத்தியில் வெளியிடுவோம்.